துரைசானி கவுனும் நாட்டியக்காரி பாவாடையும்

விக்டோரியா மகாராணி காலத்து மதராசில், ஹார்ட்டன் துரை வீட்டில் தையல் வேலை பார்த்தவள் சவரியம்மாள். சீமையிலிருந்து பாலே நாட்டியக் குழு வந்ததும், அதைப் பார்க்கப் போவதற்காகத் துரைசானிக்கு உள்ளே வளையம் வைத்து, கூடாரம் போல ஒரு பட்டுக் கவுன் தைத்தாள்.

"அந்த நாட்டியக்காரி முழங்கால் தெரியப் பாவாடை கட்டுறாளாம், அசிங்கம்! சபையே என் கவுனைத்தான் பார்க்கணும். ஒருத்தர் கண்ணு அவ பக்கம் போனாலும் உன் வேலை போச்சு!" என்று சொல்லிவிட்டு நாட்டியத்துக்குப் போனாள் துரைசானி.

மறுநாள் காலையில் ஒரே கத்தல். "எல்லாரும் அவளையேதான் பார்த்தாங்க! நீ கிளம்பு!"

சவரியம்மாள் கையிலிருந்த ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அப்படி என்னம்மா கட்டியிருந்தா?"

"வெள்ளை மஸ்லின், அடுக்கடுக்கா! ஓரத்துல வெள்ளிச் சரிகை, இடுப்புல ரோஜா மொட்டு. அவ சுத்தினா அப்படியே பூ மாதிரி விரியுது..."

"கண்ணை எடுக்காம நீங்க அவளைப் பார்த்திருக்கீங்க. மத்தவங்க உங்க கவுனைப் பார்த்தாங்களா இல்லையான்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

துரைசானி முகம் சிவந்துபோனது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"சவரி, அதே மாதிரி எனக்கு ஒண்ணு தைச்சுக் குடு. துரைக்குத் தெரியக் கூடாது."

சவரியம்மாள் அளவு நாடாவை எடுத்தாள்.

"முழங்காலைக் கொஞ்சம் காட்டுங்கம்மா."