டம்மி வரி

முதலில் முரசு. கதவு அதிர்ந்தது. பிறகு நாற்பது தொண்டைகள் ஒரே மூச்சில் எழுந்தன, எதையோ கேட்டன, மறுபடி கேட்டன, கிடைக்காமல் அடங்கின.

கதவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஆள்தான். கலியபெருமாள். வயது ஐம்பத்தொன்று. கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திறந்தவர் ஜெர்வாஸ். சினிமா டிரெய்லர்களுக்கு மட்டும் இசை செய்கிறவர். சாலிகிராமத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி. கலியபெருமாளைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். ஆனாலும் அவர்தான் குரு.

கலியபெருமாள் முன்பு விருத்தாசலத்தில் தியேட்டர் ஆபரேட்டர். படம் ஓடும்போதெல்லாம் பேசிக்கொண்டே இருக்கிற ஜனம், டிரெய்லர் வந்தால் மட்டும் வாயை மூடுவதைப் பார்த்தவர். அந்தச் சத்தத்தைத் தானும் செய்ய வேண்டும் என்று நாற்பது வயதில் பெட்டி கட்டினார். பதினோரு வருஷம் ஆகிறது. சீடர் குருவை ‘மாஸ்டர்’ என்பார். குரு சீடரை ‘அண்ணே’ என்பார்.

ஜெர்வாஸ் கையில் ஒரு பழைய பல் பிரஷ் இருந்தது. பால்கனியில் ஏ.சி. ஃபில்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து வந்திருந்தார்.

“நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

“டைரக்டர் போன் பண்ணார் மாஸ்டர்.”

“என்னவாம்?”

“கோரஸைக் கேட்டு அழுதுட்டாராம்.”

“சந்தோஷந்தானே?”

“அது எந்தச் சுலோகம், என்ன அர்த்தம்னு கேக்கறார். ஆறு மணிக்கு நெட்ல டிரெய்லரை விடறாங்க. கீழ விளக்கம் போடணுமாம். அதுக்குப் பக்கத்துல என் பேரும் போடறேன்னார்.”

ஜெர்வாஸ் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

கலியபெருமாள் எழுபது டிரெய்லருக்குமேல் இசை செய்திருந்தார். ஒன்றிலும் அவர் பெயர் வந்ததில்லை. யார் பெயரும் வராது. படத்துக்கு இசையமைத்தவர் பெயரோடு டிரெய்லர் போய்விடும். இது முதல் தடவை.

“சொல்ல வேண்டியதுதானே?”

“அது சுலோகம் இல்ல மாஸ்டர். டம்மி.”

மெட்டுக்கு வரி வந்து சேரும்வரை வாயில் வந்த சொல்லைப் போட்டு நிரப்பி வைப்பார்கள். அது டம்மி வரி. நிஜ வரி வந்ததும் அதைத் தூக்கிவிட வேண்டும். கலியபெருமாளின் கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக் கோரஸ் ஒன்று இருந்தது. எழுத்தைத் தட்டினால் நாற்பது குரல் பாடும். அவர் தட்ட உட்கார்ந்த நேரம் வீட்டிலிருந்து போன் வந்தது. மனைவி சொன்னதையே தட்டி வைத்தார். பிறகு முரசை அடுக்கினார், கொம்புகளை அடுக்கினார், வரியை மறந்தார். அப்படியே அனுப்பியும் விட்டார்.

“அண்ணி என்ன சொன்னாங்க?”

“ரெண்டு நாளா தண்ணி வரல.”

“மறுபடி போடுங்க.”

போட்டார். வெளிநாட்டுக்காரர்களின் நாக்கில் ணகரம் நிற்கவில்லை. நாற்பது பேர் இடிபோல முழங்கினார்கள்.

*ரேந்தூ நாலா... தானீ வாராலா...*

ஜெர்வாஸ் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடி சிரித்தார்.

“இதுக்கா அழுதார்?”

“முன்னோர் குரல் கேட்டுச்சாம்.”

“அய்யோ!”

“சிரிக்காதீங்க மாஸ்டர். உண்மையைச் சொன்னா தூக்கிப் போட்டுடுவார். ஏதோ பழைய மந்திரம்னு சொல்லிடவா? பதினோரு வருஷம் மாஸ்டர். ஒரு தடவை பேர் வந்தா போதும்.”

ஜெர்வாஸ் சிரிப்பை நிறுத்தினார்.

“மந்திரம் தயாரா?” என்று மட்டும் கேட்டார்.

கலியபெருமாள் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். “ரண சிம்ஹா, ருத்ர ரூபா, ராஜ்ய ரக்ஷகா.”

“ரகரம் ஜாஸ்தியா இருக்கே.”

“கொஞ்சம் மாஸா இருக்கட்டும்னு.”

“வாங்க பால்கனிக்கு. தெருவைப் பார்த்து இதைக் கத்துங்க.”

“மானம் போயிடும் மாஸ்டர்!”

“ஊர் உலகத்துக்கே அனுப்பப் போறீங்க. இந்தத் தெருவுக்கு அனுப்பினா என்ன?”

கலியபெருமாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ரண சிம்ஹா. ருத்ர ரூபா. ராஜ்ய ரக்ஷகா.

கீழே இஸ்திரி வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “ஷூட்டிங்கா சார்?”

“இல்லப்பா.”

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

“இப்ப டம்மியைக் கத்துங்க,” என்றார் ஜெர்வாஸ்.

கலியபெருமாள் அக்கம்பக்கம் பார்த்தார்.

“ரெண்டு நாளா தண்ணி வரல!”

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு நாளா? இங்க நாலு நாளுங்க!”

“கீழ்வீட்டுக்காரன் மோட்டார் போட்டு மொத்தமா உறிஞ்சிடறான்!” இது மேல்மாடி.

“யார்றா உறிஞ்சறது? வந்து தொட்டியைப் பாருடா!” இது கீழ்வீடு.

“லாரிக்காரன் போனையே எடுக்க மாட்டேங்கறான்!”

“கவுன்சிலரைக் கூப்பிடுங்கய்யா!”

“அவர் வீட்டுக்கு மட்டும் வருதாமே!”

யாரோ காலி டிரம்மைப் போட்டு அடித்தார்கள். இன்னொரு வீட்டில் இன்னொரு டிரம். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே பார்த்துக் கையை ஆட்டினார்.

“நீங்க கத்துங்க சார்! விடாதீங்க!”

கலியபெருமாள் திரும்பினார். ஜெர்வாஸ் தரையில் உட்கார்ந்து ஃபில்டரை மடியில் வைத்திருந்தார்.

போன் அடித்தது. இயக்குநர்.

“கலியபெருமாள், எந்த வேதத்துல வருது? சீக்கிரம் சொல்லுங்க, டைப் பண்ண ஆள் நிக்குது.”

கலியபெருமாள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

“வேதம் இல்ல சார். ரெண்டு நாளா தண்ணி வரலன்னு பாடறாங்க.”

“என்னது?”

“அதான் சார் வரி.”

“விளையாடறீங்களா? என் ராஜா முற்றுகையில நிக்கிறான்யா! கோட்டையைச் சுத்தி எதிரி!”

“அதேதான் சார். கோட்டையை வளைச்சா உள்ள முதல்ல எது நிக்கும்?”



“அங்க என்ன ஒரே கூச்சல்?”

“கோரஸ் சார்.”

இயக்குநர் பெருமூச்சு விட்டார். குரல் இறங்கியது.

“இங்க பாருங்க. இசை பிரமாதம், அதைத் தொட மாட்டேன். ஆனா தண்ணி லாரிக்கா அழுதேன்னு நான் வெளியில சொல்ல முடியாது. நமக்குள்ள இருக்கட்டும். ஏதாவது ஒரு மந்திரத்தைச் சொல்லுங்க. உங்க பேரைப் பெருசா போடறேன்.”

கலியபெருமாள் சீட்டை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார்.

“மந்திரம் இல்ல சார். தண்ணிதான்.”

“அப்ப பேர் கிடையாது. மந்திரத்தை நானே போட்டுக்கறேன்.”

“போடுங்க சார். கீழ கமெண்ட்ல நான் வந்து எழுதுவேன்.”

“என்னன்னு?”

“ரெண்டு நாளா தண்ணி வரலன்னு.”

போன் வைக்கப்பட்டது.

கலியபெருமாள் சீட்டைக் குப்பைக்கூடையில் போட்டார். அது பக்கத்தில் விழுந்தது. எடுத்து மறுபடி போட்டார்.

தெரு மெல்ல ஓய்ந்தது. ஆறு மணிக்கு கலியபெருமாள் செல்போனில் டிரெய்லரைத் திறந்தார்.

கோட்டை. புகை. கொம்புகள். திரை இருண்டதும் நாற்பது பேர் எழுந்தார்கள். ரேந்தூ நாலா. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கீழே விளக்கத்தைப் பார்த்தார். சுலோகம் இல்லை. பொருள் இல்லை. படத்தின் இசையமைப்பாளர் பெயர் இருந்தது. விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிவரை போனார்.

“பேர் போச்சு மாஸ்டர்.”

ஜெர்வாஸ் ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு மூலையில் இன்னும் தூசி இருந்தது.

“தெருவுல அத்தனை பேர் பதில் சொன்னாங்களே,” என்றார். “கத்தினது யாருன்னு ஒருத்தராவது கேட்டாங்களாண்ணே?”



ஜெர்வாஸ் பிரஷ்ஷை எடுத்து அந்த மூலையைத் தேய்க்க ஆரம்பித்தார்.