கட்டம் நின்ற இடம்

ஒரு காலத்தில், காயல்பட்டினத்தின் மாடி அறை ஒன்றில் இருந்த கணினிக்குள் புதிய எழுத்துக் கூட்டம் ஒன்று குடியேறியது. குர்ஆனைக் கைப்பேசியில் ஓதுபவர்களுக்காக சுலைஹா என்ற பெண் ஒவ்வொன்றாக வரைந்த அரபு எழுத்துகள் அவை. அவற்றைத் தட்டி எழுத ஒரு விசைப்பலகையையும் அவளே அமைத்திருந்தாள்.

எழுத்துகளுக்குத் தலைகால் புரியாத பெருமை. அலிஃப் நெடுநெடுவென்று நின்று மற்றவர்களைக் குனிந்து பார்த்தது. நூன் தன் வளைவைத் தானே மெச்சிக்கொண்டது. மேலும் கீழும் தொற்றிக்கொண்டிருக்கும் உச்சரிப்புக் குறிகள்கூட, "நாங்கள் இல்லாமல் ஓதிப் பாருங்களேன்" என்று சவால் விட்டன. விடட்டுமே. சும்மா வந்த அழகா அது? சுலைஹா கண் எரிய எரிய உட்கார்ந்து வரைந்ததாயிற்றே!

அந்தக் கூட்டத்தில் அழகில்லாத ஒன்றும் இருந்தது. வெறும் கட்டம். சுற்றிலும் கோடு, நடுவில் ஒன்றுமில்லை. வரவேண்டிய எழுத்து வராமல் போனால் அந்த இடத்தில் போய் நிற்பதுதான் அதன் வேலை. அதனால் அதன் முகத்தில் விழிக்கவே மற்றவர்களுக்குப் பிடிக்காது.

ஒரு நாள் காலை சுலைஹாவின் தம்பி நூஹு வந்தான். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாஃபிழ் அவன். அவன் திரையைப் பார்த்து ஓதி, சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எழுத்துகள் அன்றே ஊர் உலகமெல்லாம் புறப்பட்டுவிடும்.

அவன் ஓத வேண்டியதைத் தட்டி வைத்துவிட்டு சுலைஹா தேநீர் போடப் போனாள். அந்த நேரம் பார்த்து விசைப்பலகையின் ஓரத்திலிருந்து ஒரு விசை அலறியது.

"ஐயோ, ஸஜ்தாக் குறியைக் காணோம்! என்னை அழுத்தினார்கள், நானும் கூப்பிட்டேன். யாருமே வரவில்லை!"

ஸஜ்தாக் குறி சின்னதுதான். ஆனால் அது நிற்கும் இடத்தில் ஓதுபவர் ஓதுவதை நிறுத்தி, நெற்றி தரையில் பட இறைவனுக்குச் சிரம் பணிய வேண்டும். எல்லாவற்றையும் வரைந்த சுலைஹா அதை மட்டும் வரையாமல் விட்டிருந்தாள்.

கட்டம் எழுந்தது. "நகருங்கள். என் வேலை வந்துவிட்டது."

"பேசாமல் உட்கார்!" என்றது அலிஃப். "இத்தனை அழகான பக்கத்தில் நீ போய் நின்றால் எங்கள் மானம் கப்பலேறிவிடும்."

ஓர் எழுத்து இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இரவல் கேட்பது கணினியின் பழக்கம். பக்கத்தில் குடியிருந்தவை கல்யாணப் பத்திரிகை எழுத்துகள். அங்கிருந்து ஒரு பூ ஓடி வந்தது.

"நான் நிற்கிறேனே. பார்க்க லட்சணமாக இருப்பேன்."

"இருப்பாய். அதுதான் எனக்குப் பயம்" என்றது கட்டம். "உன்னைப் பார்ப்பவர் ஏதோ அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். பணிய வேண்டிய இடம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என்னைப் பார்த்தால், இங்கே ஏதோ குறைகிறது என்றாவது தெரியும்."

"நம் குறையை நாமே ஊருக்குச் சொல்வதில் என்ன பெருமை?" என்றது நூன்.

"இல்லாததை இல்லை என்று சொல்வேன். எனக்குத் தெரிந்த பெருமை அதுதான்."

கட்டத்தின் பேச்சை யார் கேட்டார்கள்? பூ போய் நின்றுகொண்டது.

நூஹு மெல்லிய குரலில் ஓதிக்கொண்டே வந்தான். அந்த இடம் வந்ததும் குரல் தழைந்தது. நாற்காலியை விட்டு எழுந்தான், விரிப்பை விரித்தான், ஸஜ்தா செய்தான்.

எழுத்துகள் துள்ளிக் குதித்தன. "பார்த்தாயா? நீ வேண்டவே வேண்டாம்!"

பூ மட்டும் வாடிப்போய்விட்டது.

"அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் நெஞ்சில் இருப்பதைத்தான் பார்த்தார். நெஞ்சில் இல்லாத ஒருவர் நாளைக்கு வந்தால்? நான் பிரியாணிக்கு ஆள் கூப்பிடப் பிறந்தவள். ஒருவர் நெற்றி வைக்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தாதீர்கள், தாங்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனது.

காலி இடத்தில் கட்டம் போய் நின்றது. இந்தத் தடவை யாரும் அதைத் தடுக்கவில்லை.

நூஹு எழுந்து வந்து திரையைப் பார்த்தான்.

"ராத்தா! கொஞ்சம் இங்க வாங்க!" என்று அக்காவைக் கூப்பிட்டான்.

தேநீரோடு வந்த சுலைஹா திகைத்துப்போனாள். "யா அல்லாஹ், கட்டமா?"

"இந்த எடத்துலதான் இப்ப ஸஜ்தா செஞ்சேன். இது என் கண்ணுல படவே இல்ல ராத்தா. திரையப் பாத்து ஓதுறதா நெனச்சிக்கிட்டு, மனசுல இருக்குறத ஓதிருக்கேன்." அவன் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு மனப்பாடம், நான் தப்பிச்சேன். இப்பத்தான் ஓதப் பழகுறவங்க என்ன செய்வாங்க? அவங்க நம்ம எழுத்த நம்பித்தானே ஓதணும்?"

"தப்பு என்னுதுதான் தம்பி. வரையாம விட்டுட்டேன். இந்தா, இப்பவே வரையுறேன்."

"வரைங்க. ஆனா இன்னைக்கு அனுப்ப வேணாம். மொதல்லேருந்து திரும்பப் பாப்போம். ஒவ்வொரு குறியா நீங்க விரல் வச்சி, கண்ணுல என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லுங்க. நான் அதுக்கப்புறம் வாயத் தொறக்குறேன்."

அவள் ஸஜ்தாக் குறியை வரைந்தாள். கணினி இனி இரவல் வாங்க வழியே இல்லாதபடி கல்யாணப் பத்திரிகை எழுத்துகளை அந்தக் கணினியிலிருந்தே நீக்கினாள். பிறகு அக்காவும் தம்பியும் பல வாரங்கள் ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து பார்த்தார்கள். இன்னும் சில இடங்களில் கட்டம் எழுந்து நின்றது. அங்கெல்லாம் சுலைஹா விட்டுப்போனதை வரைந்து சேர்த்தாள். கடைசியில்தான் நூஹு, "சரி" என்றான்.

எழுத்துகள் ஊர் உலகமெல்லாம் போயின. கப்பலில் வேலை செய்பவர் ஓதினார். பேருந்தில் வேலைக்குப் போகும் பெண் ஓதினாள். அலிஃபுக்குப் பழைய பெருமை திரும்பிவிட்டது.

"எங்களை எத்தனை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் தெரியுமா? நீ எந்தப் பக்கத்தில் இருக்கிறாய்?" என்று கட்டத்தைச் சீண்டியது.

கட்டம் நிமிர்ந்து நின்றது.

"எந்தப் பக்கத்திலும் இல்லை" என்றது. "முதலிலிருந்து கடைசிவரை தேடிப் பார். ஒரு பக்கத்தில்கூட நான் இல்லை!"