அமைச்சர் ஏற்றிய நூறு பாட்டு

முத்துத்துறை சின்ன ராஜ்ஜியம்தான். ஆனால் அங்கே சிம்மாசனமும் உண்டு, கணினியும் உண்டு. மன்னர் அரிகேசர் தம் மீனவர்களுக்காகப் புயல் எச்சரிக்கைச் செயலி ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தார். ஐந்து ஊர்களில் நாற்பது பேர் அதற்கு நிரல் எழுதினார்கள். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிடுவார். புயல் காலத்துக்கோ இன்னும் இரண்டு மாதம்தான்.

"எல்லா நிரலையும் ஒரே தளத்தில் வையுங்கள். எந்தத் தளம் நல்லது?" என்று சபையில் கேட்டார் மன்னர்.

அமைச்சர் தனஞ்சயர் முந்திக்கொண்டார். "என் மைத்துனர் தளம் இருக்கிறது, அரசே. கோட்டை மாதிரி. உள்ளே போனால் ஓர் எழுத்துகூட வெளியே போகாது."

நாற்பது பேருக்கும் தலைவி தத்தை. கொஞ்சம் வாய்த்துடுக்கு. "வேறொன்று இருக்கிறது, அரசே. அதில் யார் எதைத் திருத்தினாலும் பதிவாகும். எல்லோரிடமும் முழுப் பிரதி இருக்கும். பிடிக்காவிட்டால் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பலாம்."

"குடிபோகும்போதே கிளம்புகிற பேச்சா?" என்றார் அமைச்சர். சபை சிரித்தது. மன்னரும் அவர் பக்கம் தலையாட்டினார்.

தத்தை கும்பிட்டாள். "அப்படியே ஆகட்டும். ஆனால் முதலில் மங்களகரமாக ஒன்று உள்ளே போகட்டும். மன்னர் பிறந்தநாளுக்கு அமைச்சர் நூறு பாட்டு எழுதியிருக்கிறாராமே?"

அமைச்சருக்கு உச்சி குளிர்ந்தது. நூறையும் அங்கேயே தம் கைபேசியிலிருந்து மைத்துனர் தளத்தில் ஏற்றினார்.

"கோட்டையில் இருக்கும்போது கையில் ஒரு பிரதி எதற்கு?" என்றாள் தத்தை.

ரோஷத்தில் அதையும் அழித்துவிட்டார்.

மறுவாரம் பிறந்தநாள். சபை நிரம்பி வழிந்தது. "வாசியுங்கள், அமைச்சரே" என்றார் மன்னர்.

அமைச்சர் கைபேசியைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"வெளியே எடுக்க விண்ணப்பம் போட வேண்டுமாம், அரசே. இருபத்தொரு நாள் ஆகுமாம்."

"மைத்துனரைக் கேளுங்களேன்."

"கேட்டுவிட்டேன். சொந்தக்காரருக்கும் அதே விதிதானாம்."

மன்னர் முகம் இறுகியது. "இது பாட்டு. போகட்டும். புயல் நேரத்தில் நிரல் இப்படி மாட்டிக்கொண்டால் படகுகளின் கதி என்ன?"

அமைச்சர் தலைகுனிந்து நின்றார். பாவமாக இருந்ததோ என்னவோ, மன்னர் குரலைத் தணித்துக்கொண்டு, "பாட்டாவது பத்திரமாக இருக்கிறதா?" என்றார்.

தத்தை எழுந்தாள். "மிகவும் பத்திரமாக இருக்கிறது, அரசே. எழுதியவரிடமிருந்தே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. தத்தை சொன்ன தளமே முடிவாயிற்று. "என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார்.

"ஒரே ஒரு நாள் விடுமுறை, அரசே."

"எப்போது?"

"அந்த நூறு பாட்டும் வெளியே வருகிற அன்றைக்கு."