வேகாத பருப்பும் பத்துக் கசையடியும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஆவரங்காட்டு நாட்டைச் செம்பியராயன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. கடைசியாக அவர் காதில் யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அந்தக் காதை விட்டு நகராதவர் சந்திரசூடர். நாட்டின் ஏரி, குளங்களுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. கல்லோடை என்ற சின்ன ஊருக்குப் பெரிய ஏரியிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சந்திரசூடர் அந்த வாய்க்காலைத் தன் மாளிகைத் தாமரைக் குளத்துக்குத் திருப்பிக்கொண்டார். பதிலுக்குப் பாறையைக் குடைந்து ஒரு கிணறு வெட்டி, ஏற்றம் போட்டுத் தொட்டியில் நிரப்பி, தெருவுக்குத் தெரு சிங்கமுகக் குழாய் வைத்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி கொட்டியது. ராஜா மெச்சிப் பொன்னாடை போர்த்தினார்.

வீட்டுக்குள் நடந்தது வேறு. சீயக்காய் நுரைக்கவில்லை, தலைமுடி சிக்குப் பிடித்தது. துவைத்த வேட்டி காய்ந்ததும் பனையோலை மாதிரி விறைத்தது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளைக் காரை விரல் கனத்துக்குப் படிந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, பருப்பு வேகவில்லை.

ஊர் முறையிட்டது. சந்திரசூடர் ராஜாவிடம், "அரசே, அடுப்பில் விறகைத் தள்ளிவிடச் சோம்பல்பட்டுத் தண்ணீர்மேல் பழி போடுகிறார்கள்" என்றார். மறுநாளே தண்டோரா போட்டார்கள்: "குழாய்த் தண்ணீரைக் குறை சொன்னால் பத்துக் கசையடி!"

கல்லோடைச் சத்திரத்தில் சமைத்தவள் அங்காயி. பதினெட்டு வருஷமாக வழிப்போக்கர்களுக்கு வயிறு நிறையப் போட்டவள். குழாய் வந்தபிறகு அவளுக்கு இலையில் பரிமாறுவதே தலைகுனிவாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஒருநாள் மத்தியானம் ராஜாவே பரிவாரத்தோடு சத்திரத்தில் வந்து இறங்கினார்.

முதல் கவளத்திலேயே ராஜாவின் பல்லில் 'கடக்' என்றது.

"இது பருப்பா, கூழாங்கல்லா?" என்று கத்தினார்.

பக்கத்திலிருந்த சந்திரசூடர் சிரித்தார். "நான் சொன்னேனே அரசே. சோம்பேறித்தனம்!"

அங்காயிக்கு நெஞ்சு கொதித்தது. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்தது அவள்தான். பருப்பு மட்டும்தான் வேகவில்லை. காரணம் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் கசையடி. சொல்லாவிட்டால் சோம்பேறிப் பட்டம். இரண்டையும் வாங்கப் போவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தாள்.

"நாளை மத்தியானத்துக்குள் பருப்பு வெண்ணெயாகக் குழைய வேண்டும். இல்லையென்றால் ஊரைவிட்டே போ!" என்றார் ராஜா.

"குழைய வைக்கிறேன் மகாராஜா. ஆனா ஒரு வேண்டுதல். எனக்குச் சமைக்கத் தெரியலைன்னு ஐயா சொல்றாரு. அவரே என் பக்கத்துல ஒரு அடுப்புப் போட்டுச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒரே பருப்பு, ஒரே பானை, ஒரே விறகு. அவர் பேர் வாங்கின அந்தக் கண்ணாடித் தண்ணி அவருக்கே இருக்கட்டும். இந்தச் சோம்பேறிக்கு அது எதுக்கு? அவர் தாமரைக் குளத்துல, தவளை குதிக்கிற தண்ணியில ரெண்டு குடம் போதும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "ஆகட்டும்!" என்று தொடையைத் தட்டினார். பாசித் தண்ணீரோடு தனக்குப் போட்டியா என்று சந்திரசூடரும் மீசையை நீவிக்கொண்டார். பிறந்ததிலிருந்து அடுப்படி வாசலை மிதிக்காதவர் அவர்.

மறுநாள் ஊரே கூடியது. அங்காயி குளத்துத் தண்ணீரை வேட்டித்துணியில் வடிகட்டி உலையேற்றினாள். ஒரு நாழிகையில் பருப்பு மலர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மத்தே தேவையில்லாமல் குழைந்தது.

சந்திரசூடரோ ஊதினார், விசிறினார், விறகைத் திணித்தார். பட்டு அங்கவஸ்திரம் கரியானது. கண் சிவந்து மூக்கு வழிந்தது. வண்டி விறகு எரிந்தும் பருப்பு பானைக்குள் கலகலவென்று உருண்டது.

ராஜா இரண்டையும் விரலில் நசுக்கிப் பார்த்தார். ஒன்று மாவானது, ஒன்று நசுங்கவேயில்லை.

"அங்காயி, இது என்ன மாயம்?"

"சொல்ல மாட்டேன் மகாராஜா."

"ராஜாவே கேட்கிறேன்!"

"ராஜாவோட சட்டம்தான் என் வாயைக் கட்டியிருக்கு. சொன்னா பத்து அடி. பருப்பு ஒண்ணு, விறகு ஒண்ணு, பானை ஒண்ணு. மிச்சம் இருக்கிறது எதுன்னு நீங்களே சொல்லுங்க. உங்களை அடிக்க யாருக்குத் துணிச்சல் இருக்கு?"

ராஜா குழாயைப் பார்த்தார், குளத்துக் குடத்தைப் பார்த்தார், கடைசியில் சந்திரசூடரைப் பார்த்தார்.

"தண்ணீர்," என்றார் மெதுவாக. பிறகு உரக்க, "குழாய்த் தண்ணீர் மோசம்! அதைவிட மோசம் என் சட்டம். ஏனய்யா, நல்ல தண்ணீர் உம்முடைய தாமரைக்கு, கல் தண்ணீர் என் ஜனங்களுக்கா?"

அன்றே சட்டம் ரத்தானது. கல்லோடையில் ஒவ்வொரு வீட்டு அண்டாவிலும் படிந்த காரையைச் சந்திரசூடரே சுரண்டிக் கொடுக்க வேண்டும் என்பது தண்டனை.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டார்.

"வாய்க்கால் மதகுச் சாவி இனிமே எங்க ஊர்ப் பெண்கள் கையில இருக்கணும்."

கொடுத்தார். மறுநாள் காலை மதகை அங்காயியே திறந்தாள். ஏரித் தண்ணீர் சலசலவென்று ஊருக்குள் ஓடி வந்தது. அவள் கை குவித்து அள்ளி ஒரு வாய் குடித்தாள்.

"எப்படி இருக்கிறது?" என்று ராஜா ஆவலாகக் கேட்டார்.

"கலங்கல்தான் மகாராஜா. மண் வாடை அடிக்குது. வாய்க்காலையும் தூர்வாராம விட்டிருக்காங்க," என்று ஊரே கேட்க உரக்கச் சொன்னாள் அங்காயி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் மண்வெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.