ஒரு மார்பிள் பலகையும் இரண்டு வாக்கும்

கேட்பவர்களே தீர்ப்புச் சொல்லவேண்டிய கதை இது. நடந்தது நாகர்கோவிலில்.

ஹெப்சிபாவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பதினோரு வருடம் வாடகை வீட்டின் இடுக்கு அடுக்களையில் பப்ஸும் கேக்கும் செய்து விற்றவள், முதல்முறையாகத் தன் சொந்த வீட்டு அடுக்களைக்குக் கல் பார்க்கக் கிளம்பியிருந்தாள். பீர் முகம்மதுவின் கல் கடையில் சாய்த்து வைத்திருந்த பலகைகளைத் தாண்டித் தாண்டிப் போனவள், ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். வெள்ளை மார்பிள். இடது மூலையில் தொடங்கிய சாம்பல்பச்சை ரேகை நடுவில் இரண்டாகப் பிரிந்து, வலது ஓரத்தில் மறுபடியும் ஒன்றுசேர்ந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்த, கல் குளிர்ந்து கிடந்தது.

"இதுல மாவு தேச்சா வெண்ணெய் உருகவே உருகாதே," என்றாள்.

பீர் முகம்மது, சரக்கை விற்பதற்கு முன் அதன் குறையைச் சொல்லிவிடுகிற மனிதர். "அடுப்புப் பக்கத்துக்கு கிரானைட் போடுங்கம்மா. மாவு தேய்க்கிற மேடைக்கு மட்டும் இது. எலுமிச்சையோ புளியோ பட்டா பளபளப்பு போயிரும், மஞ்சள் இறங்குனா கறை. பாத்துக்கிட முடியும்னா வாங்குங்க. இந்தப் பாறையில வந்ததுல மிச்சம் இது ஒண்ணுதான். போன வருஷம் இதே பாறைக் கல்லுதான் என் வீட்டுலயும் போட்டேன். சந்தேகம்னா போய்ப் பாருங்க."

அன்று மாலையே போய்விட்டாள். அவருடைய மனைவி ஆயிஷாவின் அடுக்களையில், ஜன்னலோரம், இரும்புக் கால்கள்மேல் நான்கடிப் பலகை இருந்தது. தினமும் அரிசிமாவு ரொட்டியான பத்திரி பரத்துகிற பலகை. ஹெப்சிபா குனிந்து குனிந்து பார்த்தாள். டம்ளர் வைத்த வட்டக் கறை ஒன்றாவது வேண்டுமே! இல்லை.

"எலுமிச்சையை இது மேல வச்சு நறுக்கவே மாட்டேன், கீழ மரப்பலகை இருக்கும்," என்றாள் ஆயிஷா. "எது சிந்துனாலும் அந்த நிமிஷமே ஒத்தி எடுத்துரணும். தேச்சா பரவிரும். கழுவ லேசான சோப்புத் தண்ணி போதும்." பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரைக் கல்லில் விட்டாள். அது முத்தாகத் திரண்டு நின்றது. "இது கல்லுக்குள்ள இறங்க ஆரம்பிச்சா, ஈரம் இறங்காம இருக்கப் பூசுற சீலரை மறுபடி பூசணும்னு அர்த்தம்." பேசிக்கொண்டே அந்தச் சொட்டையும் துணியால் ஒத்தினாள். இந்த வீட்டில் தனக்கென்று கேட்டு வாங்கியது இந்தக் கல் ஒன்றுதான் என்றும் சொன்னாள்.

மறுநாள் ஹெப்சிபா கடைக்கு ஓடினாள். "சனிக்கிழமை அளவோட வாறேன். அதுவரை யாருக்கும் கொடுக்கப்பிடாது." பீர் முகம்மது பலகைமேல் சாக்கட்டியால் அவள் பெயரை எழுதி, "முழுப் பலகையும் உங்களுக்குத்தான்," என்று வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை அளவுத்தாளோடு ஆட்டோவிலிருந்து இறங்கினால், அந்தப் பலகையின் முன்னால் வேறொரு அம்மா நிற்கிறார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பகவதியம்மாள். மூன்று மாதம் முன்பு இதே பாறைக் கல்லைத் தன் புது வீட்டுக்கு வாங்கியவர். நேற்று, பதிக்கும் முன்பே கொத்தனார் கைதவறி மூன்றடித் துண்டு ஒன்று உடைந்துபோனது. வியாழக்கிழமை பால்காய்ப்பு.

பீர் முகம்மது ஹெப்சிபாவின் பக்கம் திரும்பினார். "மறைக்காமச் சொல்லிடுதேன். பதிக்கிறதுக்கு முன்னால உடைஞ்சா அதே பாறையில துண்டு தாறேன்னு இவங்களுக்கு அப்பவே சொல்லியிருந்தேன். முழுப் பலகையும் தாறேன்னு உங்களுக்கும் சொன்னேன். ரெண்டும் என் வாயாலதான் சொன்னேன்."

மூன்றடி வெட்டினால் ரேகை ஒன்றுசேர்கிற இடமே போய்விடும். மேடைக்கும் நீளம் போதாது. ஹெப்சிபாவின் கையில் அளவுத்தாள் கசங்கியது. அவள்தான் முதலில் பேசினாள். "அவங்களுக்குச் சொன்னதுதான் முந்துன வாக்கு. வெட்டிக் கொடுங்க. மிச்சத்தை வச்சு நான் சமாளிச்சுக்கிடுதேன்."

பகவதியம்மாள் சாக்கட்டி எழுத்தைப் பார்த்தார். "வேண்டாம் மக்ளே. எனக்கு உடைஞ்சது பாத்திரம் கழுவுற தொட்டிப் பக்கத்துத் துண்டு. எப்பவும் புளித்தண்ணி படுற இடம். அங்க கருப்பு கிரானைட் போட்டுக்கிடுதேன். நிறம் சேராது, அவ்வளவுதான்."

"நீங்க ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தா என் வாக்கு என்னாகுறது?" என்றார் பீர் முகம்மது. போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, வீட்டுக்குப் பேசினார். நடந்ததைச் சொன்னார். "நம்ம பலகையக் கொடுத்திரலாமா?"



"ஜன்னலோரத்துல இருக்கிறதா?" என்றாள் ஆயிஷா.

"ஆமா."

"சரி, ஆளை அனுப்புங்க. அந்தம்மாகிட்ட எலுமிச்சை விஷயத்தைச் சொல்லிருங்க. இல்ல, நானே வந்து சொல்லுதேன்."

நான்கு பேருமே விட்டுக்கொடுக்க முன்வந்தவர்கள்தான். கதையைக் கேட்ட நீங்கள் சொல்லுங்கள்: இவர்களில் யார் விட்டுக்கொடுத்தது பெரிது?

விடை: ஆயிஷா. கொடுத்த வாக்கைக் காப்பது பீர் முகம்மதுவின் கடமை. அதற்குப் பெயர் கொடை இல்லை. முந்தின வாக்குக்குப் பணிந்த ஹெப்சிபா நியாயத்தின் வழியில் நின்றாள். ஆசைப்பட்ட கல்லை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வந்தது உயர்வுதான். ஆனால் அது இன்னும் அவளுடையதாகவில்லை. பகவதியம்மாள் இழக்கத் துணிந்தது நிறப் பொருத்தத்தை மட்டும்; தொட்டிப் பக்கத்துக்கு கிரானைட்டே தோது. ஆயிஷாவோ யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காதவள். ஒரு வருடம் ஒரு கறை படாமல் காத்த தன் சொந்தக் கல்லை, யாரோ செய்த பிழைக்காகக் கொடுத்தாள். வியாழக்கிழமை பகவதியம்மாளின் வீட்டில் பால் பொங்கியபோது, தொட்டிப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. ஹெப்சிபாவின் பலகையில் ஒரு ரேகையும் குறையவில்லை.