எட்டாவது சட்டம்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்க நினைத்த ரெஜினா, ராயபுரத்தில் மேனேஜர் வேதகிரியைப் பார்க்கப் போனாள். சுவரில் கையுறையோடு ஏழு வீரர்களின் படங்கள். ஏழிலும் சந்தன மாலை.

"எல்லாம் நான் மேடை ஏத்துனவங்க. ஒருத்தராவது என்னைக் குறை சொன்னாங்களா? டாக்டர் செக்கப் எல்லாம் எதுக்கு? கையெழுத்துப் போடு."

அவற்றுக்குப் பக்கத்தில் எட்டாவதாக ஒரு படச்சட்டம். அதில் படமில்லை, மாலை மட்டும் இருந்தது. ஃபேன் ஓடாமலே அது ஆடியது.

"அது உனக்குத்தான்" என்றார்.

"முதல்ல அதுல உங்க படத்தை மாட்டுங்க சார். அப்புறம் போடறேன்."

"வாயைக் கழுவு! உசுரோட இருக்கறவன் படத்துக்கு எவனாவது மாலை போடுவானா?"

"நானும் உசுரோடதான் சார் இருக்கேன்."

அவளுக்குப் பின்னால் கையெழுத்துப் போட வாசலில் வரிசையாக நின்றவர்கள் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.