மூன்று டப்பாவும் இரண்டு முழங்கையும்

இந்தக் கதையைக் கேட்கக் காது போதும். மூக்கை எங்கேயாவது கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். இதில் வருகிறவர்களில் பாதிப்பேர் மூக்கை நம்பித்தான் கெட்டார்கள்.

தென்காசியில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே மேட்ரன் எஸ்தர் ராஜம். பச்சைக் குழந்தைகள் வார்டில் ஒரு குழந்தையைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த குழந்தையைத் தொடக்கூடாது. ஒரு ஷிப்டுக்கு ஐம்பது அறுபது தடவை கழுவ வேண்டிவரும். கழுவிக் கழுவி நர்சுகளின் கை வெடித்துப்போகும். அதற்காகக் குழாயடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிரீம் டப்பா. வீட்டிலிருந்து தனி டப்பா கொண்டுவரக்கூடாது என்பது அங்கே சட்டம்.

இசக்கியம்மாள் என்ற இளம் நர்சுக்கு அந்தப் பொது டப்பாவே வினையாக வந்தது. விரலிடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. தோல் டாக்டர் சோதித்துப் பார்த்து, 'அந்தக் கிரீமில் இருக்கிற ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் இவளுக்குச் சேராது' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். புண்ணான கையோடு குழந்தைகளிடம் விட முடியாது என்று நிர்வாகம் ஒரு மாதம் கெடு வைத்தது. அதற்குள் ஆறாவிட்டால் இசக்கி ரிக்கார்டு அறைக்குப் போய்க் கோப்பு அடுக்க வேண்டியதுதான். அந்த வார்டைத் தவிர வேறு எதையும் ஆசைப்பட்டறியாத பெண். சாப்பாட்டு நேரத்தில்கூட உட்கார்ந்து அழுதாள்.

எஸ்தர் உள்ளூரில் கிரீம் செய்கிற மூவரை வரவழைத்தாள். "இசக்கியோட முழங்கை மடிப்புல ஒரு வாரம் தடவிப் பாப்போம். எது சேருதோ அதுக்குத்தான் ஆர்டர், அதுதான் இனிமே பொது டப்பா. தடவிப் பாக்காம வாங்கமாட்டேன்" என்று சொல்லி, டாக்டர் சீட்டை மேஜைமேல் வைத்தாள். சீட்டை யார் பார்த்தார்கள்? வந்தவர்கள், போனவர்கள், கணக்குப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பதிலேயே குறியாக இருந்தார்கள். "மோந்தது போதும், படிங்க" என்று சொல்லிச் சொல்லி எஸ்தருக்குத் தொண்டை வறண்டது.

முதலாமவள் குமுதவல்லி. சீட்டைப் பாதிகூடப் படிக்கவில்லை. "இது ஏதோ கெமிக்கல் பேரு சிஸ்டர். நம்மளுது சுத்த ரோஜா எண்ணெய். செயற்கைன்னு மருந்துக்குக்கூட எதுவும் கிடையாது."

இரண்டாமவர் ஞானதுரை. அவருடையது வேப்பெண்ணெய் கிரீம். "நம்மளுதுல வாசனையே இல்லையே, அப்புறம் எதுக்குச் சீட்டு?" என்றார். எஸ்தரும் மோந்து பார்த்தாள். உண்மைதான்; வேப்பெண்ணெய் நாற்றம்கூட வரவில்லை.

மூன்றாமவர் சாகுல் அமீது. அத்தர் கடைக் குடும்பம்; ஆனால் அவருடைய கிரீமில் இருப்பது முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் செய்த வாசனை. டப்பாவைச் சுற்றி எறும்பு எழுத்தில் இருபது பெயர்கள். அவர் சீட்டையும் டப்பாவையும் பக்கத்தில் வைத்து விரல் வைத்துப் படித்தார்.

"பதினோராவது பேரு இதுதான் சிஸ்டர். அனுமதிச்ச அளவுதான் போட்டிருக்கேன், பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்."

"தடவிக்கூடப் பாக்காம போறேன்னா எப்படி?" என்று எஸ்தர் எரிந்து விழுந்தாள்.

"எழுதியிருக்கதைப் பாக்கறதுக்கு அவ கை எதுக்கு?" என்று சொல்லி, டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மிஞ்சிய இரண்டையும் தடவினார்கள். இடது மடிப்பில் ரோஜா, வலது மடிப்பில் வேம்பு. நாலாம் நாள் இடது கை தடித்தது. ஆறாம் நாள் வலது கையும் சிவந்தது. விரல் புண்ணோடு முழங்கைப் புண்ணும் சேர்ந்துகொண்டது.

அதற்காவது இருவரும் வாயை மூடினார்களா? இல்லை. "இயற்கையே ஆகலேன்னா கோளாறு அவ தோல்ல" என்றாள் குமுதவல்லி. "இடது கை அரிப்பு வலது கைக்குப் பரவியிருக்கும்" என்றார் ஞானதுரை. சாகுல் அமீதின் பெயரை எடுத்ததும் மட்டும் இருவரும் ஒற்றுமையானார்கள். "செயற்கையை அள்ளிக் கொட்டினவரு அவரு. பரிட்சைக்கே உக்காராதவருக்கு எப்படி சிஸ்டர் மார்க்கு?"

எஸ்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தடவிப் பார்த்த இரண்டும் தோற்றன. தோற்காத ஒன்றைத் தடவியே பார்க்கவில்லை. இசக்கிக்கோ கெடு பாதி கழிந்துவிட்டது.

நீங்களே சொல்லுங்கள்: ரோஜாவும் வேம்பும் இசக்கியை ஏன் சுட்டன? மூவரில் யார் செய்தது சரி? ஆர்டர் யாருக்கு?

விடை: ஜெரானியால் ரோஜா எண்ணெயிலேயே பிறக்கிற பொருள், தொழிற்சாலையிலும் அதையே செய்கிறார்கள். எங்கே பிறந்தாய் என்று தோல் ஊர் விசாரிப்பதில்லை. வேப்பெண்ணெய் நாறாமல் இருக்காது. நாறவில்லையென்றால் அதை எதுவோ அமுக்குகிறது என்று பொருள். எஸ்தர் துருவித் துருவிக் கேட்டபோது, "நாத்தம் போக ஒரு எசன்ஸ் ரெண்டு சொட்டு விட்டது சிஸ்டர், வாசனைக்கு விடலையே" என்றார் ஞானதுரை. அந்தச் சொட்டிலும் அதே ஜெரானியால்தான். தன் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தவர், தெரிந்ததை விற்பனை போனாலும் போகட்டும் என்று சொன்னவர் சாகுல் அமீது ஒருவரே. சரி செய்தது அவர். எஸ்தர் அவரிடம் வாசனையே சேர்க்காத கிரீம் கேட்டாள், பட்டியலை வரிவரியாகப் படித்தாள், பிறகே ஆர்டர் கொடுத்தாள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு இசக்கியின் விரல்கள் ஆறின. அவள் குழந்தைகளிடமே இருந்தாள். முழங்கைத் தழும்புகள் மட்டும் மறைய நாளாயிற்று. அவற்றுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ள அந்த இருவரில் ஒருவரும் வரவில்லை.